எண்ணப்படாத நோயாளர்: பிரித்தானியச் சிறுநீரகப் பதிவேட்டின் வரலாறு குறித்து

புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1863 இல் வெளியிட்ட 'வைத்தியசாலைகள் பற்றிய குறிப்புகள்' என்னும் நூலின் மூன்றாம் பதிப்பில், இங்கிலாந்தின் முக்கிய வைத்தியசாலைகளது இறப்பு வீதங்களைக் காட்டும் அட்டவணையொன்று இடம்பெற்றது. இலண்டன் நகரின் இருபத்துநான்கு வைத்தியசாலைகளில் இறப்பு வீதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் என்று அவ்வட்டவணை கூறிற்று. வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களது கோபத்திற் பெருமளவு நியாயம் இருந்தது. புள்ளிவிபரவியலாளர் வில்லியம் பார் தயாரித்த கணக்கு அது. ஓராண்டு முழுவதும் நிகழ்ந்த இறப்புக்களை, 1861 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஒரு குறித்த நாளிற் கட்டில்களிற் கிடந்த நோயாளரின் தொகையால் அவர் வகுத்திருந்தார். ஒரு கட்டிலில் ஆண்டுக்குப் பத்துப் பேர் படுத்தெழுந்து அவர்களுள் ஒருவர் மாண்டாலும், அக்கணக்கின்படி நூற்றுக்கு நூறு இறப்பே.

அனுமதிக்கப்பட்டோர் அனைவரின் தொகையாலும் வகுக்கவேண்டும் என்பது வைத்தியர் தரப்பின் மறுப்பு. கணிதத்தின்படி அது சரியே. ஆயின் அப்பகுதியெண்ணும் களங்கமற்றதன்று. சாகக்கிடப்பவனை வாசலிலேயே திருப்பியனுப்பும் வைத்தியசாலையும், தேறமாட்டான் என்று கண்டவனை வீட்டுக்கு அனுப்பிவிடும் வைத்தியசாலையும் அக்கணக்கில் மிகச் சிறந்தனவாகத் தோன்றும். எனவே, இறந்தோர் எத்தனை பேர் என்னும் தொகுதியெண்ணைவிட, எவரெவரை உள்ளடக்கிய தொகையால் அதனை வகுக்கிறோம் என்பதே தீர்க்கமான வினாவாகிறது. பார்வைக்கு வெறும் எண்கணித வினாவாகத் தோன்றும் இது, உண்மையில் ஒரு சமூக வினா. ஒரு நூற்றாண்டின் பின்னர் சிறுநீரகச் சிகிச்சையின் வரலாற்றில் இவ்வினா மீண்டும் எழுந்த விதத்தையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முற்போக்கு முகாமைச் சேர்ந்த நம்மிற் சிலருக்கு, அரசாங்கப் புள்ளிவிபரம் என்றதுமே அது ஆளும் வர்க்கத்தின் கண்காணிப்புக் கருவி என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையம் ஆதாரமற்றதன்று, ஆயினும் அரைகுறையானது. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைப் படித்தவர்கள், மார்க்ஸ் தமது சான்றுகளை எங்கிருந்து திரட்டினார் என்பதை அறிவர். லெனாட் ஹோணர் முதலிய தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளையும், வைத்தியர் ஜோன் சைமனின் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் அவர் வரிவரியாகப் பயன்படுத்தினார். முதலாளித்துவ அரசின் பாராளுமன்றமே அச்சிட்ட ஏடுகள் அவை. அவற்றைத் திரட்டிய உத்தியோகத்தர்களை அந்நூலின் முன்னுரையில் மார்க்ஸ் பாராட்டவுஞ் செய்தார். ஏட்டை எழுதியவன் யார் என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அதில் என்ன எழுதப்பட்டது, என்ன விடுபட்டது, எழுதப்பட்டதை எவர் எதற்காக எடுத்தாண்டனர் என்பனவும் வினவப்படல் வேண்டும். இலக்கியப் பிரதியொன்றை அணுகுவோனுக்கு இம்முறை புதிதன்று.

சிறுநீரகங்கள் இரண்டும் முற்றாகச் செயலிழந்தால், மாற்றுச் சிகிச்சையின்றி மனிதன் சில வாரங்களுக்கு மேல் வாழ்வதரிது. இருதய நோயாளியோ புற்றுநோயாளியோ சிகிச்சையின்றிச் சிலகாலம் தப்பியிருத்தல் கூடும். இங்கு அத்தகைய இடைவெளி இல்லை. சிகிச்சை தரப்பட்டதா இல்லையா என்பதும், ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதும் ஏறத்தாழ ஒரே கேள்வி. இதனாலேயே சிறுநீரக நோயாளரின் பதிவேடு ஏனைய பதிவேடுகளிலும் பார்க்கக் கூர்மையான சமூக ஆவணமாகிறது.

வில்லெம் கொல்ப் என்பார் 1943 இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு உட்பட்டிருந்த நெதர்லாந்தின் கம்பென் நகரில் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை நோயாளர் மீது முதன்முதலாகப் பயன்படுத்தினார். எனினும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நாளத்தை வெட்டித் திறக்க வேண்டியிருந்தமையால், சில தடவைகளுக்கு மேல் அதனைத் தொடர இயலவில்லை. 1960 இல் அமெரிக்காவின் சியற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க குழாயைப் புகுத்தியதோடு நிலைமை அடியோடு மாறிற்று. நாட்பட்ட நோயாளர் வாரந்தோறும் இயந்திரத்தில் இணைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வாழலாயினர். உற்பத்திச் சக்தி வளர்ந்துவிட்டது. அதன் பயனை எவர்க்கு அளிப்பது என்னும் உறவு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

சியற்றில் மையத்தில் இடங்கள் சில. கேட்டு நின்றோர் பலர். ஆகவே ஏழு பேர் கொண்ட பெயர் வெளியிடப்படாத குழுவொன்று அமைக்கப்பட்டது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசாங்க உத்தியோகத்தர், தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை வைத்தியர் என்போர் அதில் இருந்தனர். வயது, மணநிலை, தங்கியிருப்போர் தொகை, வருமானம், சொத்து, கல்வி, தொழில், எதிர்காலத்திற் பயன்படக்கூடிய தன்மை என்பவற்றைப் பார்த்து அவர்கள் ஆட்களைத் தெரிந்தனர். 1962 நவம்பரில் ஷானா அலெக்சாந்தர் 'லைஃப்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையால் இது உலகறிந்த செய்தியாயிற்று. குழுவில் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் இருந்தார் என்பதைக் கொண்டு ஆறுதலடைவோர் இருக்கலாம். ஆனால் சொத்தையும் தொழிலையும் உயிரின் விலையாகக் கொள்ளும் அளவுகோல் கையில் தரப்பட்டபின், அதனைப் பிடித்திருக்கும் கை எவருடையது என்பது பெரிய விடயமன்று.

சியற்றில் குழு தன் அளவுகோலை மறைக்கவில்லை. அதனாற்றான் அது கண்டிக்கப்பட்டது. பிரித்தானியாவில் அவ்வாறான குழு எதுவும் இருக்கவில்லை. 1948 முதல் எல்லோருக்கும் இலவசமான தேசிய சுகாதார சேவை அங்கு நிலவிற்று. எனினும் அங்கும் தெரிவு நடந்தது. எழுதப்படாத தெரிவு ஆதலால், அது வெளிப்படுவதற்கு ஒரு பதிவேடு தேவைப்பட்டது.

ஐரோப்பிய இரத்தச் சுத்திகரிப்பு, உறுப்பு மாற்றுச் சங்கம் 1964 இல் அம்ஸ்ரர்டாமில் தோன்றியது. தோன்றிய காலந்தொட்டே அது புள்ளிவிபரம் திரட்டிற்று. சிகிச்சை நிலையத்துக்கொரு வினாப்படிவமும், நோயாளிக்கொரு வினாப்படிவமுமாக ஆண்டுதோறும் கடதாசிகள் பயணஞ் செய்தன. பனிப்போர்க்காலத்தில் கிழக்கும் மேற்குமாகப் பிளவுண்டிருந்த கண்டத்தின் இரு பகுதிகளிலிருந்தும் வைத்தியர்கள் இப்படிவங்களை நிரப்பி அனுப்பினர் என்பது தனியே ஆராயத்தக்க ஒரு செய்தி. பின்னர் இப்பணியகம் இலண்டன் செயின்ற் தோமஸ் வைத்தியசாலையில் இயங்கிற்று. அன்ரனி விங் அதனை வழிநடத்தியவருள் முக்கியமானவர்.

இப்பதிவேடு நாடுகளை அருகருகே நிறுத்திற்று. வீட்டிலேயே இரத்தச் சுத்திகரிப்புச் செய்வதிலும் சிறுநீரக மாற்றிலும் முன்னோடியாக விளங்கிய பிரித்தானியா, ஒரு மில்லியன் மக்களுக்கு எத்தனை புதிய நோயாளரைச் சிகிச்சைக்கு ஏற்கிறது என்று பார்க்கும்போது, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளுக்குப் பின்னால் நின்றது. வேறுபாடு இளைஞரிடையே சிறிது. முதியோரிடையேயும் நீரிழிவு நோயாளரிடையேயும் பெரிது. 1982 இல் ஜெஃப்ரி பேர்லின் என்னும் சிறுநீரகவியலாளர், ஐம்பது வயதைக் கடந்தவருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மரணத்துக்குச் சமன் என்று பொருள்படும் தலைப்பிலே எழுதினார். அடுத்த ஆண்டு, பிரித்தானியர் ஏன் மேலும் பல சிறுநீரக நோயாளருக்குச் சிகிச்சை அளிப்பதில்லை என்னும் வினாவைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் விங் வெளிப்படையாகவே எழுப்பினார்.

ஐம்பது வயதைக் கடந்தோரை ஏற்காதே என்று சுகாதார அமைச்சு எக்காலத்தும் சுற்றறிக்கை விடுத்ததில்லை. விடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிகிச்சை நிலையங்களின் தொகை குறைவு, இயந்திரங்களின் தொகை குறைவு, வரவுசெலவுத் திட்டம் இறுக்கம். இந்நிலையில் குடும்ப வைத்தியர் முதிய நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பாமல் விட்டார். பொது வைத்திய நிபுணர் அவரைச் சிறுநீரகவியலாளரிடம் அனுப்பாமல் விட்டார். 1984 இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. கற்பனையான நோயாளர் விபரங்கள் மூன்று வகை வைத்தியர்களிடமும் அனுப்பப்பட்டபோது, சிறுநீரகவியலாளர் நிராகரித்தோரிலும் பார்க்க அதிகமானோரைக் குடும்ப வைத்தியரும் ஏனைய நிபுணரும் நிராகரித்தனர். அதாவது, சிறுநீரகப் பிரிவின் வாசலில் எவரும் திருப்பியனுப்பப்பட வேண்டியிருக்கவில்லை. பலர் அவ்வாசலை அடையவேயில்லை. பற்றாக்குறை ஒரு வைத்தியக் கருத்தாக, 'பொருத்தமற்றவர்' என்னும் ஒற்றைச் சொல்லாக உருமாற்றம் பெற்றது. பொருளாதாரக் கட்டுப்பாடு தன்னைத் தொழில்சார் தீர்ப்பாகக் காட்டிக்கொள்ளும் இப்போக்கிற்குக் கருத்துநிலை என்னும் பெயர் பொருந்தும். இவ்வைத்தியர்கள் கொடியவர்கள் அல்லர். நிராகரிக்கிறோம் என்னும் உணர்வே இன்றி நிராகரித்தனர் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

ஐரோப்பியப் பதிவேட்டின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. சிகிச்சை பெற்றோரையே அது எண்ணிற்று. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது மாத்திரம், எவரோ விடுபட்டிருக்கின்றனர் என்பது நிழலாகத் தெரிந்தது. விடுபட்டோர் எத்தனை பேர், எங்கே உள்ளனர் என்பதைப் படிவங்கள் சொல்லா. அதற்குப் பதிவேட்டிற்கு வெளியே சென்று எண்ணுதல் வேண்டும்.

வட அயர்லாந்தில் மொலி மக்கியோன் அவ்வாறு எண்ணினார். 1968 முதல் 1970 வரையான காலத்தில் அப்பிரதேசம் முழுவதிலும் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானோரை அவர் தேடிக் கணக்கிட்டு, 1972 இல் வெளியிட்டார். எனினும் முதியோரைப் பொறுத்தவரை தீர்க்கமான கணக்கு 1990 இலேயே கிடைத்தது. ரெறி பீஸ்ற் முதலியோர் டெவன் பகுதியிலும் வடமேற்கே பிளாக்பேர்ண் பகுதியிலும் மேற்கொண்ட ஆய்வு அது. அவர்களது முறை எளியது. ஆனால் மிகக் கூரியது. வைத்தியர்களைக் கேட்டாற்றானே வைத்தியர்களின் தீர்ப்பு இடையே புகும்? எனவே அவர்கள் இரசாயனப் பரிசோதனைக் கூடங்களுக்குச் சென்றனர். எந்த வைத்தியர் எக்காரணத்துக்காக அனுப்பியிருந்தாலுஞ் சரி, குருதியிற் கிரியற்றினின் அளவு லீற்றருக்கு 500 மைக்குரோமூலைத் தாண்டிய ஒவ்வொருவரையும் பட்டியலிட்டனர். நோயாளி எங்கும் அனுப்பப்படாமல் இறந்திருக்கலாம்; குருதித் துளி ஒன்று மட்டும் ஆய்வுகூடத்தில் சாட்சியாக நின்றது. விளைவு: ஒரு மில்லியன் மக்களுக்கு ஆண்டுதோறும் 148 பேர் முற்றிய செயலிழப்பை அடைகின்றனர், எண்பது வயதுக்குட்பட்டோரில் மாற்றுச் சிகிச்சைக்கு உரியோர் மட்டும் 78 பேர். 1984 இல் அரசாங்கம் வகுத்த இலக்கோ, 1987 அளவில் மில்லியனுக்கு 40 புதிய நோயாளர் என்பதாகும். இலக்கு முழுமையாக நிறைவேறினாலும், தேவையில் ஏறத்தாழப் பாதியே நிறைவேறும். 40 என்ற எண் மட்டும் கையில் இருந்தவரையில் அது சாதனையாகத் தெரிந்தது.

இதற்கிடையே ஐரோப்பியப் பதிவேடு நலிவுற்றது. ஆண்டுதோறும் நோயாளிக்கொரு படிவத்தைக் கையால் நிரப்புதல் வேலை மிகுந்த வைத்தியருக்குச் சுமை. நிரப்பியவருக்கு அதனால் உடனடிப் பயனும் இல்லை. நோயாளர் தொகை பெருகப் பெருகப் படிவங்கள் திரும்பி வருவது குறைந்தது. (2000 இல் அப்பணியகம் அம்ஸ்ரர்டாமுக்கு மாறி, தேசியப் பதிவேடுகளின் தரவுகளைத் தொகுப்பதாகத் தன்னை மீளமைத்துக் கொண்டது.) தகவல் தானாக விளைவதில்லை, அது உழைப்பின் விளைபொருள். உழைப்புக்கு இடமொதுக்காத திட்டம் எதுவும் நீடிப்பதில்லை என்னும் எளிய உண்மை, புள்ளிவிபரத்தின் வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

பிரித்தானியச் சிறுநீரகச் சங்கம் 1995 இல் நிறுவிய பதிவேடு இப்பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. பிறிஸ்ரல் நகரின் சவுத்மீட் வைத்தியசாலையில் அமைந்த இதன் முதற்றலைவராகப் பணியாற்றியவர், பரிசோதனைக்கூடங்களில் நோயாளரைத் தேடிய அதே பீஸ்ற் என்பது தற்செயலன்று. படிவத்தை நிரப்பும்படி வைத்தியரைக் கேட்பதற்குப் பதிலாக, சிறுநீரகப் பிரிவுகள் அன்றாடச் சிகிச்சைக்கென ஏற்கெனவே பயன்படுத்தும் கணினிகளிலிருந்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தரவுகள் நேரடியாகப் பெறப்பட்டன. அதே 1995 இற் சங்கம் சிகிச்சைத் தராதரங்கள் பற்றிய கையேட்டின் முதற்பதிப்பையும் வெளியிட்டது. தராதரமும் பதிவேடும் இவ்வாறு இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. முதலறிக்கை 1998 இல் வந்தது. ஸ்கொத்லாந்து 1991 முதல் தனியே பதிவேடு வைத்திருந்து, தன் தரவுகளை இதனோடு பகிர்ந்தது. 2000 களின் இறுதிக்குள் நாட்டின் பெரியவர் சிறுநீரகப் பிரிவுகள் அனைத்தும் உள்வந்தன. நோயாளிக்கு இவ்வளவு என்று சிகிச்சைப் பிரிவுகள் செலுத்தும் கட்டணத்தில் இதன் செலவின் பெரும்பகுதி நடந்தது. 2021 இற் சிறுநீரகச் சங்கமும் பிரித்தானியச் சிறுநீரகக் கழகமும் இணைந்து ஐக்கிய இராச்சியச் சிறுநீரகச் சங்கமாயின. பதிவேடும் அதன்கீழ் வந்தது.

தராதரத்தை அளப்பது என்றால் என்ன? ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே நோக்கலாம். இரத்தச் சுத்திகரிப்புப் போதுமான அளவு நடந்ததா என்பதை அறியக் குருதியில் யூரியாவின் அளவு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்க்கப்படும். அது குறைந்தபட்சம் நூற்றுக்கு 65 வீதம் குறைந்திருத்தல் வேண்டும் என்பது தராதரம். தெளிவான விதி. எத்தனை வீதமான நோயாளர் இவ்வெல்லையை எட்டினர் என்று மையங்களை வரிசைப்படுத்துவது எளிதென்றே தோன்றும். ஆனால் இயந்திரம் நின்றதும் உடலின் திசுக்களில் தங்கியுள்ள யூரியா மெல்லக் குருதிக்குத் திரும்பும். இயந்திரம் நிற்கும் கணத்திலேயே குருதியெடுத்தால் அளவு குறைவாகவும், சில நிமிடங்கள் தாமதித்து எடுத்தால் கூடுதலாகவும் இருக்கும். சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பும் குருதி சிறிது கலந்துவிட்டாலோ, முடிவு மேலும் அழகாகிவிடும். கவனமாகக் காத்திருந்து குருதியெடுத்த தாதியின் பிரிவு அட்டவணையிற் கீழே நிற்கும். அவசரமாக எடுத்த பிரிவு மேலே நிற்கும். பிரிவுகளிடையே குருதியெடுக்கும் முறை வேறுபட்டிருந்ததைப் பதிவேட்டின் அறிக்கைகளே எடுத்துக்காட்டின. முறையை ஒருசீராக்கும் முயற்சியும் அதன்வழித் தோன்றிற்று.

குருதியின் அல்புமின் அளவும் அவ்வாறே. நோயாளியின் போசாக்கையும் பொதுநிலையையும் காட்டும் குறி எனக் கொள்ளப்பட்டது அது. ஆனால் பச்சைச் சாயத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகூடம் ஊதாச் சாயத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகூடத்திலும் உயர்ந்த எண்ணைத் தரும். ஆதலாற் பதிவேடு இரு முறைகளையும் வேறுபிரித்தே அறிக்கையிட வேண்டியதாயிற்று. எண் புறநிலையானது, அதனை உண்டாக்கும் நடைமுறை மனிதருடையது. இதனை அறிந்தோர் எண்ணைக் கைவிடுவதில்லை. அது எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கின்றனர். 65 வீதம் என்ற எல்லையைவிட, குருதியை எப்போது எடுத்தீர்கள் என்னும் கேள்வியே சிகிச்சையைத் திருத்துவதில் அதிகம் பயன்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

உயிர்பிழைத்தோர் வீதத்தை ஒப்பிடுவது இதனினும் சிக்கலாயிற்று. பிறிஸ்ரல் நகரிலேயே, வேறொரு வைத்தியசாலையில் குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சை பற்றி நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2001 இல் வெளிவந்தது. அதன்பின் வைத்தியசாலைகளின் இறப்பு விபரத்தைப் பொதுமக்கள் அறியவேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. சிறுநீரகப் பதிவேடு ஆரம்பத்தில் உயிர்பிழைப்பு விபரத்தை மையங்களின் பெயரின்றியே வெளியிட்டு, பின்னரே பெயர்களைச் சேர்த்தது. தயக்கத்துக்குக் காரணம் வைத்தியரின் சுயநலம் மட்டுமன்று. வயதையும் மூலநோயையும் கணக்கிற் கொள்ளலாம். ஆனால் நோயாளிக்கு இருதய நோய், பக்கவாதம் போன்ற பிற நோய்கள் உண்டா என்னும் தகவலைப் பல பிரிவுகள் சரிவர அனுப்பவில்லை. அத்தகவலின்றி ஒப்பிட்டால், மிக நலிந்தோரை ஏற்ற பிரிவு தண்டிக்கப்படும். நைற்றிங்கேல் காலத்து வாசலடைப்பு, இம்முறை அட்டவணையின் பெயராலேயே திரும்பிவரக் கூடும்.

அட்டவணை யாருக்குப் பணிசெய்கிறது என்பதை அறிய, ஒப்புநோக்காக அமெரிக்காவைச் சுருக்கமாகப் பார்ப்பது பயன்தரும். 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்நாடு சிறுநீரகச் செயலிழப்புற்றோரிற் பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவை அரசாங்கத்தின் பொறுப்பாக்கிற்று. சியற்றில் குழுவின் தேவை ஒழிந்தது. ஆனால் பணம் அரசினது, சிகிச்சை நிலையம் தனியாரினது என்னும் ஏற்பாட்டில் இலாபநோக்குடைய நிறுவனங்கள் பெருகின. 1988 இல் அங்கும் தேசியத் தரவு முறையொன்று ஏற்பட்டது. அதன் தரவுகளைக் கொண்டு 1999 இல் வெளிவந்த ஆய்வு, இலாபநோக்குடைய நிலையங்களின் நோயாளரிடையே இறப்பு 20 வீதம் அதிகம் என்றும், சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்போர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்படும் வீதம் 26 வீதம் குறைவு என்றும் காட்டிற்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் இயந்திரத்தை விட்டுப் போய்விடுவார். அவர் விட்டுப்போகும் கதிரை வருமானத்தை இழக்கிறது. நீல நூல்களைப் போலவே, இங்கும் அரசின் ஏடே மூலதனத்துக்கு எதிரான சாட்சியாயிற்று.

மறுபுறத்தில், தராதரத்தையே மூலதனம் தன்வயப்படுத்தியதற்கும் அங்கே சான்றுண்டு. குருதிச்சோகையை நீக்கும் எரித்திரோபொயற்றின் மருந்துக்கு அரசாங்கம் தனியே, பயன்படுத்திய அளவுக்கேற்பப் பணம் செலுத்திற்று. ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கவேண்டும் என்று வகுத்த வழிகாட்டி முயற்சியோ, அம்மருந்தை உற்பத்தி செய்த ஆம்ஜென் நிறுவனத்தின் ஆதரவுடன் தொடங்கியது. 2006 இல் அவ்வெல்லை டெசிலீற்றருக்கு 13 கிராம் வரை விரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான பரிசோதனை, 13.5 ஐ இலக்காகக் கொண்டவரிடையே, 11.3 ஐ இலக்காகக் கொண்டவரிலும் பார்க்க இறப்பும் இருதயப் பாதிப்பும் சேர்ந்து கூடுதலாக நிகழ்ந்ததைக் காட்டிற்று. 2007 இல் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன; வழிகாட்டி திருத்தப்பட்டது. அளவுக்கேற்பப் பணம் கொடுக்கும் முறை 2011 வரை நீடித்தது. தராதரத்தை எட்டினோர் வீதம் உயர்வதைக் கண்டு மகிழ்வதற்குமுன், அத்தராதரத்தை எவர் வகுத்தார் என்று பார்ப்பது நல்லது.

பிரித்தானியாவுக்குத் திரும்பினால், அங்குள்ள பதிவேட்டின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. 2005 அளவில் புதிதாகச் சிகிச்சைக்கு ஏற்கப்படுவோர் தொகை மில்லியனுக்கு நூறைக் கடந்திருந்தது. முதியோர் அவர்களிற் கணிசமானோர். சிகிச்சை தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்குள்ளேயே சிறுநீரகவியலாளரை முதன்முதற் சந்தித்தவர்கள் எத்தனை பேர் என்பதும் பதிவாயிற்று. அவ்வாறு பிந்தி வந்தோர் ஏறத்தாழ நான்கிலொருவராக இருந்து ஐந்திலொருவருக்கும் கீழே இறங்கினர். வாசலை அடையாதோரின் நிழல் ஒருவாறு பதிவேட்டுக்குள்ளேயே விழுமாறு செய்த ஏற்பாடு இது என்பதால், மற்றெல்லா அளவைகளிலும் இதனையே நான் மதிக்கிறேன்.

ஆயினும் ஓர் இடைவெளி. பதிவேட்டில் நோயாளியின் தொழில் இல்லை, வர்க்கம் இல்லை. அவர் வாழும் இடத்தின் தபாற் குறியீட்டைக் கொண்டு, அப்பகுதி எவ்வளவு வறியது என்று கணக்கிடுகின்றனர். வர்க்கம் இங்கே முகவரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த மங்கலான கண்ணாடியிலும் உண்மை தெரியாமற் போகவில்லை: மிக வறிய பகுதிகளில் வாழ்வோர் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிற் சேரும் வாய்ப்புக் குறைவு என்று, இங்கிலாந்தும் வேல்ஸும் சார்ந்த பதிவேட்டுத் தரவுகளைக் கொண்டு 2010 இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. சிகிச்சை இலவசம், ஆயினும் பட்டியலுக்குச் செல்லும் பாதையில் வறுமை குறுக்கே நிற்கிறது.

இனத்துவம் பற்றிய தரவும் நெடுங்காலம் குறைபாடாகவே இருந்தது. தேம்ஸ் பிராந்தியங்கள் பற்றி 1994 இல் வெளிவந்த ஆய்வு, ஆசியரும் கறுப்பினத்தவரும் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கு மேலான வீதத்திற் சிகிச்சைக்கு வருகின்றனர் என்று காட்டிய பின்னரே இத்தகவலின் இன்றியமையாமை உணரப்பட்டது. ஆசியர் என்னும் அவ்வகுப்பு மிக அகன்றது. பிரித்தானியக் குடிசன மதிப்பீட்டில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்னும் பெட்டிகள் உண்டு. இலங்கையருக்கெனத் தனிப்பெட்டி இல்லை. 1983 இன் பின் இலண்டனிற் குடியேறிய நம்மவரிடையே நீரிழிவும் சிறுநீரக நோயும் எவ்வளவு என்பதை அவ்வகுப்பின் உள்ளிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று.

நோயாளரின் சம்மதம் பற்றியும் ஒரு சொல். பதிவேடு தனித்தனியே சம்மதம் பெறாது, 2001 ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 2006 ஆம் ஆண்டுச் சட்டமும் தந்த அனுமதியின்கீழ்த் தரவுகளைப் பெற்றது. ஒவ்வொருவராகக் கேட்டிருந்தால், மொழி தெரியாதோரும் மிக நோயுற்றோருமே முதலில் விடுபட்டிருப்பர். இவ்வகையில் அது நியாயமே. எனினும் எவருடைய உடலிலிருந்து எண் பெறப்பட்டதோ அவர் தம் எண்ணைப் பார்க்கமுடியாதிருந்த நிலை நெடுங்காலம் நீடித்தது. 2000 களின் நடுப்பகுதியில் நோயாளர் தமது பரிசோதனை முடிவுகளைத் தாமே பார்க்கும் வசதி ஏற்பட்டது. 2016 முதல், சிகிச்சை தமக்கு எவ்வாறு அமைந்தது என்று நோயாளரையே ஆண்டுதோறும் கேட்கும் முறையும் வந்தது. போக்குவரத்துக்குக் காத்திருத்தல், ஊசி குத்தும்போது வலி, முடிவுகளிற் பங்குபற்றுதல் என்பன அதில் வினவப்படுகின்றன. அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் நோயாளி எழுவாயாக வருவது இங்கேதான்.

நமது நாட்டில் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் உள்ளது. இங்கும் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். ஆனால் வைத்தியசாலைகளின் நோய்ப் புள்ளிவிபரம் ஆட்களை எண்ணுவதன்று, வெளியேற்றங்களை எண்ணுவது. ஒரே விவசாயி ஒரே ஆண்டில் ஐந்து தடவை அனுமதிக்கப்பட்டு வெளியேறின், ஐந்து என்றே பதிவாகும். 1990 களிலிருந்து வட மத்திய மாகாணத்தின் நெற்செய்கைக் கிராமங்களிற் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பரவியபோது, அநுராதபுர வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தோரைக் கொண்டே நோயின் முகம் வரையப்பட்டது. நடுத்தர வயது ஆண், வயலில் வேலை செய்பவன் என்பதே அம்முகம். பின்னர் சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் அநுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வீடுகளுக்கே சென்று நடத்திய ஆய்வின் முடிவு 2013 இல் வெளியாயிற்று. வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கில் நோய் ஆண்களிடையே 12.9 வீதம், பெண்களிடையே 16.9 வீதம். முற்றிய கட்டங்களில் ஆண்கள் மிகுந்திருந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. வைத்தியசாலையின் ஏட்டில் அதிகம் பதிவானோர் அவ்வாண்களே. அதிகமாக நோயுற்றிருந்தும் முற்றாத கட்டத்தில் இருந்த பெண்கள், ஆய்வாளர் வீட்டு வாசலுக்கு வந்து சிறுநீர் மாதிரி கேட்ட அன்றே முதன்முதலாக எண்ணப்பட்டனர்.